கட்டிலுக்கு ஒரு ஓட்டா, ஆளுக்கு ஒரு ஓட்டா

பஹ்ரைனில், குதைபியாவில் நாங்கள் இருக்கும் வீட்டில் எட்டுப் பேர், ஏழு கட்டில். கம்பெனி பஸ் ஓட்டும் டிரைவருக்கும், ஒரு குடோனில் இரவுக் காவல் பார்க்கும் வாட்ச்மேனுக்கும் சேர்த்து ஒரே கட்டில். டிரைவர் விடிவதற்கு முன்பே எழுந்து போய்விடுவார். ஆறரை மணிக்கு வாட்ச்மேன் வந்து அதே கட்டிலில் படுப்பார். சாயங்காலம் அவர் டியூட்டிக்குக் கிளம்பியதும் டிரைவர் வருவார். ஒருவர் எழுந்த சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் படுக்கிற கட்டில் அது. ஆனாலும் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டது குறைவு. வெள்ளிக்கிழமை லீவு நாளிலும் பகலில் வாட்ச்மேன் தூங்குவதால், டிரைவர் வெளியே எங்காவது சுற்றிவிட்டு வருவார்.

எங்கள் ரூமில் வியாழக்கிழமை சாயங்காலம் பாட்டில் திறப்பது வழக்கம். இந்த ஊரில் முஸ்லிம் அல்லாதவர்கள் அதற்கென்று இருக்கும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. வீடு எங்களோடு தங்கியிருக்கும் பாய் பேரில் இருந்தது. கீழக்கரைப் பக்கத்துக்காரர், கீழே கோல்ட் ஸ்டோர் என்று இங்கே சொல்கிற மளிகைக்கடை வைத்திருக்கிறார். அவர் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வியாழக்கிழமை ஆறு மணியானால், “கடையில சாமான் அடுக்கணும்” என்று இறங்கிப் போய்விடுவார். வாரா வாரம் எந்தச் சாமானை அடுக்கினாரோ தெரியாது.

எனக்கு இரண்டு சின்ன ரவுண்டு. அதற்கு மேல் போனதில்லை. நான் ஒரு பராமரிப்புக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பத்தாம் வகுப்போடு சரி. வாரத்தில் ஆறு நாள் ‘இருக்கு’, ‘ஸ்டாக் இல்லை’, ‘கையெழுத்துப் போடுங்க’ என்று மூன்று வாக்கியத்தில் பொழுது போகும். அந்த இரண்டு ரவுண்டுக்குப் பிறகு மட்டும் எனக்கு வாய் திறக்கும். பள்ளிக்கூடத்தில் நாடகத்தில் மரமாக நின்ற கதை வரைக்கும் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். வாரம் முழுக்க அந்தச் சிரிப்புக்காகக் காத்திருப்பேன்.

இப்படி இருக்கும்போது டிரைவரை ஒருநாள் காலையில் கம்பெனி கேட்டில் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். முந்தின நாள் குடித்தது இறங்கவில்லை. மெஷின் கத்திவிட்டது. பஸ்ஸில் நாற்பது ஆட்களை ஏற்றிப் போகிறவர். இன்னொரு தடவை கத்தினால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவருடைய மூத்த பெண் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். அன்றிலிருந்து விட்டுவிட்டார். நாற்பது நாள் விட்டவர், ஒரு சாயங்காலம் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

“ஸ்டோரண்ணே, வியாழக்கிழமைய சமாளிச்சிருவேன். கடற்கரை வரைக்கும் நடந்துட்டு வந்துருவேன். தலகாணிதான் முடியல.”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். வாட்ச்மேன் டியூட்டி முடிந்து வந்து காலையில் ஒரு கிளாஸ் போட்டுவிட்டுத்தான் படுப்பார். அவருக்குக் காலைதானே இரவு. அந்த வாசம் தலையணையிலும் போர்வையிலும் ஏறிவிடுகிறது.

“படுத்தா மூக்குல அதுதான். எந்திரிச்சு உக்காந்து அலமாரியப் பாக்குறேன். பாட்டில் அங்கனதான் நிக்குது. ரூமுக்குள்ள வேணாம்னு எல்லாருமாச் சொல்லிட்டா நான் பொழச்சிக்குவேன். இல்லைன்னா கம்பெனி கேம்ப்புக்குத்தான் போகணும். அங்க தினமும் குடிதான், போனா ஒரு வாரம் தாங்க மாட்டேண்ணே.”

நான் “பார்க்கலாம்” என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டின்போது அவரே எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். முதுகுளத்தூர்க்காரரான வாட்ச்மேன்தான் முதலில் பேசினார்.

“ஏய்யா, ஒருத்தன் வாயக் கட்ட ஏழு பேரு வாயத் தைக்கணுமா? நான் ராத்திரி முச்சூடும் நாய் மாதிரி முழிச்சிட்டு வாரேன். ஒரு கிளாஸ் இல்லாட்டி எனக்குத் தூக்கம் ஏது? ஓட்டுக்கு விடுங்க. ஓட்டுல என்ன வருதோ, நான் கட்டுப்படுறேன்.”

அலுமினிய வேலை பார்க்கும் தென்காசிப் பக்கத்து ஆட்கள் மூன்று பேர் எங்களோடு உண்டு. மூன்று பேரும் சேர்ந்தேதான் நடப்பார்கள், சேர்ந்தேதான் பேசுவார்கள். அவர்களில் மூத்தவர் என்னைக் காட்டினார். “ஓட்ட நம்ம ஸ்டோர் நடத்தட்டும். இவருதான் எந்தக் கட்சியும் பேச மாட்டாரு.”

நான் பேசாமல் இருந்ததே சம்மதம் ஆகிவிட்டது.

ஓட்டு நடத்துவது எப்படி என்று எனக்கு என்ன தெரியும்? எங்கள் சைட்டில் சேஃப்டி ஆபீசர் நியூசிலாந்துக்காரர், அந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரி இனம். பெரிய உடம்பு. ஸ்டோருக்கு வந்து கையுறை கேட்பார். அவர் கைக்கு ஏற்ற சைஸ் ஒருநாளும் இருக்காது. ஆனாலும் ஸ்டோரில் ஏசி நன்றாக வேலை செய்வதால் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ‘ரூம், டிரிங்க், ஓட்டிங், மீ ஆபீசர்’ என்று அவரிடம் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அவர்கள் பக்கத்திலும் அப்படி ஒன்று நடந்தது என்றார். ஒரு வட்டாரத்தில் மது விற்க லைசென்ஸ் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய, மாவோரி மக்களிடம் தனியாக ஓட்டு எடுத்தார்களாம். அது அவர் பிறப்பதற்கு முந்திய சங்கதி. முழுக்கத் தெரியாது என்று அவரே சொன்னார். ஆனால் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். யாருக்கெல்லாம் ஓட்டு? போடும்போது அடுத்தவன் கண்ணில் படுமா? சமமாக வந்தால் என்ன செய்வாய்? சண்டை ஓட்டுப் போடும்போது வராது, யாருக்கு ஓட்டு என்று எழுதும்போதுதான் வரும், அதை முதலில் எழுதி ஒட்டிவிடு என்றார்.

அன்று மாலை பழைய காலண்டர் தாளைத் திருப்பி, ‘ரூமில் படுத்துத் தூங்குகிற ஆளுக்கு ஓட்டு’ என்று முதல் விதியை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். அவர் சொன்னபடியே அன்றைக்கே சண்டை வந்தது.

“ஆளுக்கு ஓட்டா?” என்றார் தென்காசி மூத்தவர். “வாடகை கட்டிலுக்கு. தண்ணி கட்டிலுக்கு. கேஸ் கட்டிலுக்கு. ஓட்டு மட்டும் ஆளுக்கா? கட்டிலுக்கு ஒண்ணு போடும். ரெண்டு பேரு படுக்கிற கட்டிலுக்கு ஆளுக்கு அரை.”

வாட்ச்மேனும் டிரைவரும் ஒரே கட்சியாகச் சேர்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

“அரை ஓட்டுன்னா நான் அரை ஆளா?” என்றார் வாட்ச்மேன். “அப்ப குடோன் முதலாளிகிட்டச் சொல்லு, திருடன் வந்தா அரைத் திருடனத்தான் பிடிப்பேன்னு.”

டிரைவர், “கட்டிலா வந்து ஓட்டுப் போடப்போவுது?” என்று மட்டும் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனாவை எடுத்து, ‘ஆளுக்கு’ என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டேன். அதோடு முடிந்தது.

அடுத்த நாள் வாட்ச்மேன் வேறு ஒன்றைக் கிளப்பினார். “பாய்க்கு எதுக்கு ஓட்டு? அவரு தொடுறதே இல்ல. குடிக்காதவருக்கும் பாட்டிலுக்கும் என்ன சம்பந்தம்?”

பாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார். “ஏம்ப்பா, போன ரமலானுக்கு முந்தி நீ வாந்தி எடுத்தியே, கழுவுனது யாரு? குடிச்சவனா, குடிக்காதவனா?”

பாய்க்கும் ஓட்டு உண்டு என்று எழுதிக்கொண்டேன்.

எட்டாவது ஆள் ஏசி மெக்கானிக். அவர் லீவில் ஒரத்தநாட்டில் இருந்தார். லீவில் போனாலும் கட்டிலும் பெட்டியும் இங்கே இருப்பதால் ஓட்டு உண்டு, என் போனுக்கு மட்டும் வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டும், ரகசியம் காப்பேன் என்று எழுதினேன். அந்த மனிதர் மெசேஜை எனக்கு அனுப்பாமல் ரூம் குரூப்பில் போட்டுவிட்டார். எங்கள் ஏழு பேர் போனிலும் ஒலித்தது. முதலில் குழந்தை அழுகை. பிறகு இவர் குரல், “என் ஓட்டு வந்து...” என்று இழுத்தது. பின்னால் ஒரு பெண் குரல் தெளிவாக, “வேணாம்னு சொல்லுங்க. என்ன முழிக்கிறீங்க? வேணாம்னு சொல்லுங்க” என்றது. அப்புறம் இவர், “வேணாம்” என்றார்.

இரண்டு நாள் அதுதான் பேச்சு. அது அவர் ஓட்டா, அவர் வீட்டம்மா ஓட்டா? அந்த அம்மா இந்த ரூமில் தூங்குகிறாரா? கடைசியில் பாய்தான், “சொன்ன வாய் யாரு வாய்? அதை எழுதுப்பா” என்றார். எழுதினேன்.

மற்ற விதிகளும் சேர்ந்தன. கேள்வி ஒன்றுதான்: ரூமுக்குள் பாட்டில் வரலாமா, வரக்கூடாதா? சமமாக வந்தால் பழைய வழக்கமே தொடரும். போட்ட ஓட்டைத் திரும்ப எடுக்கக் கூடாது. நடத்துகிறவன் கடைசியில் போட வேண்டும். தாளில் எழுதினால் கையெழுத்து தெரிந்துவிடும் என்பதால், ஒரு தட்டில் அரிசியும் ஒரு தட்டில் கறுப்புக் கொண்டைக்கடலையும் வைப்பது என்று முடிவு செய்தேன். வரக்கூடாது என்றால் ஓர் அரிசி, வரலாம் என்றால் ஒரு கடலை. பால் பவுடர் டப்பாவின் மூடியில் துளை போட்டு சமையலறையில் வைத்தேன். ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போட வேண்டும். ஒரு வாரம் அதைத்தான் யோசித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும், தூக்கத்தைப் பாதியில் விட்டு எழுந்திருந்த வாட்ச்மேன் முதலில் போனார். கதவு மூடியது. ‘டொக்’ என்று ஒரு சத்தம் ஹால் வரைக்கும் கேட்டது.

“கடலை!” என்று தென்காசிக்காரர்கள் மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

அடுத்தது பாய். கதவு மூடியது. ஒரு சத்தமும் இல்லை.

“பாய் ஓட்டும் கேட்டுட்டு வே!” என்றார் மூத்தவர்.

வெறும் தகர டப்பாவில் கடலை விழுந்தால் சத்தம் வரும், அரிசி விழுந்தால் வராது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஓடிப்போய்ப் பாத்திரம் துடைக்கும் துணியை மடித்து டப்பாவுக்குள் போட்டேன். ஒரு கடலையைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் இல்லை. அதை எடுத்துவிட்டு வெளியே வந்தேன். முதல் இருவரும் தங்களுக்கு மறுபடி போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏசி மெக்கானிக்கின் அரிசியை எல்லோர் முன்னாலும் போட்டேன். தென்காசிக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். அந்த மூவர் சேராமல் ஒரு கதவுக்குள் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பிறகு டிரைவர் போனார். அவர்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார்.

கடைசியாக நான் உள்ளே போனேன். கதவைச் சாத்துவதற்குள், தண்ணீர் குடிப்பது போல டிரைவரும் பின்னால் வந்துவிட்டார். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் சொன்னார்.

“அண்ணே, கடலையப் போட்டுட்டேன்.”

கை தவறிப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

“தவறல. அரிசி எடுக்கத்தான் கையக் கொண்டுபோனேன். யாரும் பாக்கல, சத்தமும் வராதுன்னதும் கை அந்தப் பக்கம் போயிருச்சு. தெரிஞ்சேதான் போட்டேன். எடுத்துருங்கண்ணே. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து எடுத்துவிடலாம். டப்பாவில் எது யாருடையது என்று எந்தக் கடலைக்கும் அடையாளம் இல்லை. ஆனால் வெளியே ஐந்து பேர் என்னை நம்பி உட்கார்ந்திருந்தார்கள்.

“எடுக்கக் கூடாது. எழுதியிருக்கு” என்றேன்.

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போனார்.

கதவைச் சாத்தினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வாரமும் நான் கடலை என்றுதான் முடிவு செய்து வைத்திருந்தேன். டிரைவர் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் வியாழக்கிழமை மேலும் பிரியம் உண்டு. எப்படியும் பாய், ஏசி மெக்கானிக், டிரைவர் என்று அரிசிக்கு ஆள் இருக்கிறது, நம் ஒரு கடலையால் அவருக்கு என்ன வந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவருடைய அரிசி இல்லை. அவர் ஓட்டை மாற்ற எனக்கு உரிமை கிடையாது. என் ஓட்டை மாற்றுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்? ஓர் அரிசியை எடுத்துப் போட்டேன். அது துளையில் விழாமல் மூடி மேலேயே நின்றது. விரலால் தள்ளிவிட்டேன்.

தென்காசி மூத்தவர் செய்தித்தாளை விரித்து டப்பாவைக் கவிழ்த்தார். எல்லோரும் குனிந்தோம். கடலை மூன்று. அரிசி நான்கு.

“ஏழுதான் இருக்கு. எட்டாவது எங்கய்யா?” என்றார் வாட்ச்மேன். “ஸ்டோரு, சாமான் குறையுதே!”

எட்டாவது கடலையாக இருந்தால் சமம். சமமென்றால் பழைய வழக்கம். டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் டப்பாவுக்குள் கையை விட்டுத் துணியை எடுத்து உதறினார். ஈரத்தில் ஒட்டியிருந்த ஓர் அரிசி தாளில் விழுந்தது.

ஐந்துக்கு மூன்று.

வாட்ச்மேன் அந்தக் கடலைகளையே பார்த்தார். “மூணுல ஒண்ணு நான். மிச்ச ரெண்டு பேரு யாருய்யா? முன்னால வாங்க, கையாவது குடுக்குறேன்.”

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “ரகசிய ஓட்டுப்பா” என்றார் பாய். வாட்ச்மேன் அலமாரியைத் திறந்து, பாதி இருந்த பாட்டிலை ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனார். சொன்ன வார்த்தைப்படி, அதற்குப் பிறகு ஒன்றும் கொண்டு வரவில்லை. வெளியே எங்கோ வைத்துக்கொண்டார். வரும்போது வாயைக் கொப்பளித்துவிட்டு, தலையணையின் மேல் தன் துண்டை விரித்துத்தான் படுத்தார்.

பாட்டில் இல்லாத முதல் வியாழக்கிழமை எங்களுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாய் சாமான் அடுக்கப் போகாமல் மேலேயே இருந்தார். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாமல், ஆறு மணிக்கு ஒரு டீ, ஏழு மணிக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார். “ஸ்டோருக்கு இன்னைக்குப் பெட்ரோல் இல்ல, வண்டி கிளம்பாது” என்று தென்காசிக்காரர்கள் என்னைக் கேலி செய்தார்கள். நிஜமாகவே கிளம்பவில்லை. பல வியாழக்கிழமைகள் நான் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. டிரைவர் மட்டும் எட்டு மணிக்கே படுத்துக் குறட்டை விட்டார்.

மூன்றாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பகல் இரண்டரை மணிக்கு எனக்கு போன் வந்தது.

“அண்ணே, கீழ நிக்கிறேன்” என்றார் டிரைவர்.

“மேலே வாங்க.”

“வாசம் அடிக்குதுண்ணே.”

அவர் ஊர்க்காரர் ஒருவர் விசா கேன்சலாகி ஊருக்குப் போகிறாராம். பிரிவு விருந்து. இரண்டு கிளாஸ். மறுநாள் விடியற்காலை கேட்டில் ஊத வேண்டும்.

“விதிப்படி நான் ரூமுக்கு வரலாமாண்ணே? இல்ல, கேம்ப்புக்குப் போயிரவா?”

ஃப்ரிட்ஜில் காலண்டர் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. போய்ப் படித்தேன்.

“கையில பாட்டில் இருக்கா?”

“இல்லண்ணே.”

“அப்ப வாங்க. பாட்டில் வரக்கூடாதுன்னுதான் எழுதியிருக்கேன். ஆள் வரக்கூடாதுன்னு எழுதல.”

அவர் ஏறி வரவில்லை. நானே இறங்கிப் போனேன். பாயின் கடையில், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் டிரைவர் சின்னப் பிள்ளை மாதிரி நின்றிருந்தார். பாய் ஒரு லபன் மோர் பாக்கெட்டை வெட்டி அவர் கையில் கொடுத்திருந்தார். தோளைப் பிடித்து மேலே கூட்டி வந்தேன்.

வாட்ச்மேன் அந்தக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்து ஒரு கண்ணைத் திறந்தார்.

“யாருய்யா அது? ஓட்டுல ஜெயிச்ச ஆளா?”

டிரைவர் வாசலிலேயே நின்றுவிட்டார். வாட்ச்மேன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்து, தன் துண்டை உருவிக்கொண்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த கோரைப்பாயை இழுத்துத் தரையில் போட்டார்.

“என்ன பாக்குற? படு. காலைல ஊதணும்ல, நல்லாத் தூங்கி எந்திரி. எனக்கு இன்னும் ரெண்டு மணி நேரந்தான், தரையே போதும்.”

டிரைவர் மறுநாள் விடியற்காலை நான்கு மணி வரைக்கும் தூங்கினார். நடுவில் நான் இரண்டு தடவை எழுப்பித் தண்ணீர் கொடுத்தேன். ஐந்தரை மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. “ஊதிட்டேண்ணே. கத்தல” என்றார். அவ்வளவுதான்.

ஆறரைக்கு வாட்ச்மேன் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “ஊதிட்டானா?” என்று கேட்டார்.

“ஊதிட்டார்” என்றேன்.

“சரி” என்று சொல்லிவிட்டு, விரிப்பைத் தட்டிப் போட்டுப் படுத்துக்கொண்டார்.